கறுப்பு மரத்தில் ஒரு பெண்முகம்: சாண்டே சங்கத்தின் முகமூடி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாண்டே என்பது என்ன? எங்கே இருக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன், லைபீரியா, கினி ஆகிய நாடுகளில் வேரூன்றியிருக்கும் பெண்கள் சங்கம் அது. ஞாயிற்றுக்கிழமையின் ஆங்கிலப் பெயர்போல ஒலித்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மெண்டே, வை, கோலா மக்கள் இதைச் சாண்டே என்கிறார்கள். டெம்னே மக்களும், சியரா லியோனின் சந்தைமொழியான கிரியோ பேசுகிறவர்களும் போண்டோ என்கிறார்கள்.

இதற்குப் பதிவு எண் கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. ஊருக்கு ஊர் தலைவிகள் இருக்கிறார்கள். பருவம் எய்தும் வயதில் பெண் பிள்ளைகளை ஊருக்கு வெளியே வேலியிட்ட ஒரு காட்டுப்பகுதிக்கு அழைத்துப்போய், பெண்ணாக வாழ்வதற்கு வேண்டியதையெல்லாம் கற்றுக்கொடுத்து, புதுப்பெயர் சூட்டி, ஊருக்குள் திரும்ப அழைத்துவருவது சங்கத்தின் முதன்மையான வேலை. சமையல், வயல்வேலை, மூலிகை, பிள்ளைப்பேறு, ஆடல், பாடல், மூத்தோரிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அதில் அடங்கும். முன்பு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. இன்று பள்ளி விடுமுறைக்குள் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. உடலை வெட்டும் சடங்கு ஒன்றும் இந்தத் தீட்சையில் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

சங்கத்தின் வயதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 1668இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஒல்ஃபர்ட் டாப்பரின் டச்சு நூலிலேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

சின்னம் என்றால் கொடியோ முத்திரையோ அல்லவா? முகமூடி எப்படிச் சின்னமாகும்?

தாளில் அச்சிடும் சங்கத்துக்கு முத்திரை போதும். சாண்டேயின் சின்னம் நடந்து வருகிறது, ஆடுகிறது, ஊர் நடுவில் நின்று தவறு செய்தவனைக் கிளையால் சுட்டிக் காட்டுகிறது. முகமூடி வெளியே வந்துவிட்டால் சங்கமே வெளியே வந்துவிட்டதாகப் பொருள். தலைவர் பதவியேற்பு, முக்கியமானவர்களின் இறப்பு, பெரிய விருந்தாளியின் வருகை, பெண் பிள்ளைகள் காட்டிலிருந்து திரும்பும் நாள் எதுவானாலும், பெண்கள் சங்கத்தின் சார்பில் நிற்பது அந்தக் கறுப்பு முகம்தான்.

ஆப்பிரிக்காவில் மரமுகமூடி அணிந்து ஆடுவது பெரும்பாலும் ஆண்களின் உரிமை. பெண் உருவத்தைக் காட்டும் முகமூடியைக்கூடப் பல இடங்களில் ஆண்தான் அணிவான். பெண்களே உரிமையாளர்களாக இருந்து, பெண்களே அணிந்து ஆடும் மரமுகமூடி என்று எடுத்தால் சாண்டேக்கு இணையாகச் சொல்ல வேறொன்று கிடைப்பது அரிது.

சோவோ, சோவெய் என்று பல பெயர்கள் வருகின்றன. எது எதைக் குறிக்கிறது?

மெண்டே வழக்கில் சோவோ என்பது நீரில் வாழும் ஆவி. மரத்தில் செதுக்கிய தலை சோவோ-வுய், அதாவது சோவோவின் தலை. சோவெய் என்பது சங்கத்தின் மிக உயர்ந்த தகுதியில் இருக்கும் பெண். முகமூடி அணிந்து ஆடுகிறவள் ந்தோலி ஜோவெய், ‘ஆடும் சோவெய்’. அருங்காட்சியகங்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் ‘சோவெய் முகமூடி’ என்று பெயர்ப்பலகை எழுதி வைத்துவிட்டன. அந்தப் பெயர் நிலைத்துவிட்டதால் நானும் இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

ஒரே சொல் ஆவிக்கும் தலைவிக்கும் பொருளுக்கும் மாறி மாறிச் செல்வதைக் குழப்பம் என்று எண்ண வேண்டாம். சங்கத்துக்குள் இருப்பவர்களுக்கு அவை ஒன்றை விட்டு ஒன்று பிரிவதில்லை.

கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக வளையங்கள் இருக்கின்றனவே, அவை நகைகளா?

நகைகள் அல்ல. இந்த முகமூடியைப் பார்க்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் நிறைய இருப்பதும் இந்தக் கேள்விக்குத்தான்.

மெண்டே மக்கள் சொல்லும் கதையில் சோவோ ஆற்றின் அடியிலிருந்தோ ஆழமான குளத்திலிருந்தோ எழுந்து வருகிறாள். அமைதியாகக் கிடக்கும் நீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை மேலே வரும்போது கழுத்தைச் சுற்றி வட்டவட்டமாக அலை விரியும் அல்லவா? அந்த அலைதான் மரத்தில் உறைந்து நிற்கிறது. முகமூடி முழுவதுமே அந்த ஒரு கணம்: தலை வெளியே வந்துவிட்டது, உடல் இன்னும் நீருக்குள் இருக்கிறது.

அதே வளையங்களைக் கழுத்துச் சதையின் மடிப்புகளாகவும் பார்க்கிறார்கள். நன்றாக உண்டு, நோயின்றி, பிள்ளை பெறும் வலுவோடு இருக்கும் பெண்ணின் கழுத்தில் இயல்பாகவே மடிப்பு விழும். அதை அங்கே அழகின் முதல் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். சாண்டே காட்டுக்குள் பெண் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய உணவு கொடுப்பதும் இதனோடு சேர்ந்ததுதான். வெளியே வரும் நாளில் அவர்கள் மினுமினுப்பாக, சதைப்பிடிப்போடு இருக்க வேண்டும்.

கூட்டுப்புழுவின் உடல் வரிகளோடு இதை ஒப்பிடுகிறவர்களும் உண்டு. காட்டுக்குள் போன சிறுமி வேறொருத்தியாக வெளியே வருகிறாள் என்பதால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. என் மனம் அலையின் பக்கமே சாய்கிறது. அலை என்று கொண்டால்தான் கறுப்பு நிறத்துக்கும் பளபளப்புக்கும் சேர்த்துக் காரணம் கிடைக்கிறது.

ஏன் கறுப்பு? அந்தப் பளபளப்பு எதற்கு?

நீரிலிருந்து இப்போதுதான் எழுந்தவள் நனைந்திருக்க வேண்டும். ஆழத்து நீர் கறுப்பு, ஆற்றடிச் சேறு கறுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடலும் வெயிலில் கறுப்பாக மின்னும். செதுக்கி முடித்த மரத்தை இலைச்சாற்றில் கறுப்பாக்கி, பனையெண்ணெய் தடவித் தேய்த்து மெருகேற்றினார்கள். பிற்காலத்தில் கடையில் விற்கும் காலணிப் பாலிஷும் வந்து சேர்ந்தது.

மெருகு மங்கிய சோவெய் ஆடக் கூடாது. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் புதிதாகத் தேய்த்துத்தான் கொண்டுவருவார்கள். அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகள் உலர்ந்து சாம்பல் பூத்து நிற்கும் முகமூடியைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. தலையைத் துவட்டாமல் ஓடிவந்த பெண் அவள். அவளை அப்படி உலர விட்டிருக்கக் கூடாது.

அப்படியானால் வெள்ளைக்கு இடமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் பெரிய இடம். ஹோஜோ எனப்படும் வெண்களிமண் சாண்டேயின் நிறம். நீர்ப்படுகையிலிருந்து எடுக்கும் அந்த மண்ணைத் தீட்சை பெறும் பெண் பிள்ளைகள் முகத்திலும் உடலிலும் பூசிக்கொள்கிறார்கள். பூசியிருக்கும்வரை அவர்கள் சங்கத்தின் காவலில் இருக்கிறார்கள், யாரும் தீண்டக் கூடாது என்று பொருள். கடைசி நாள் சடங்கில் குளித்து அதைக் கழுவிய பிறகே வளர்ந்த பெண்களாகிறார்கள். முகமூடியின் தலையில் சில வேளை வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். இது சாண்டேயின் சொத்து என்பதற்கு அதுவே அடையாளம்.

முகம் ஏன் இவ்வளவு சிறியதாக, நெற்றி ஏன் இவ்வளவு பெரியதாக இருக்கிறது?

நெற்றி வீட்டு வாசல் மாதிரி அகன்று கிடக்கிறது. கண், மூக்கு, வாய் மூன்றும் முகத்தின் அடிப்பாகத்தில் ஒரு சிறு முக்கோணத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. சிற்பிக்கு அளவு தவறிவிட்டது என்று முதல் பார்வையில் தோன்றும். அளவு தவறவில்லை. எதற்கு இடம் கொடுக்க வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்று முடிவுசெய்த பிறகுதான் உளி விழுந்திருக்கிறது.

அகன்ற நெற்றி அறிவுக்கும் மன உறுதிக்கும் உரியது. தாழ்ந்த இமைக்கு அடியில் கண் ஒரு கீற்றுப்போலத் தெரியும். யாரையும் முறைத்துப் பார்க்காத, ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அது. காது சிறிதாக, தலையோடு ஒட்டியிருக்கும். ஊர்வம்பு அதற்குள் நுழைவது எளிதல்ல. வாய் மூடியிருக்கும். சங்கத்துக்குள் கற்றதைச் சங்கத்துக்கு வெளியே சொல்லக் கூடாது என்பது சாண்டேயின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தை மூடிய உதடுகள் எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இதைப் ‘பெண்ணை அடக்கி வைக்கும் உருவம்’ என்று சிலர் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. காரியம் கையில் இருப்பவள் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் நிற்கும் முகம் இது. ஊர்ப் பஞ்சாயத்தில் கடைசியாகப் பேசும் மூத்தவள் அதுவரை எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

தலைமுடி மட்டும் ஒவ்வொரு முகமூடியிலும் வேறு வேறாக இருக்கிறதே?

முகத்தில் சிற்பிக்கு இருக்கும் சுதந்திரம் குறைவு. கூந்தலில் அவர் தன் கைத்திறன் முழுவதையும் காட்டலாம். வகிடு, முகடு, கொண்டை, சடை, குறுக்கும் நெடுக்குமான வரிகள் என்று ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து உண்மையான தலைவாரல்களைப் பார்த்துச் செதுக்கியவை.

அடர்ந்து வளர்ந்த முடியை மெண்டே மக்கள் செழித்த காட்டோடு, விளைந்த வயலோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பெண்ணின் தலையிலும் நிலத்திலும் வளர்வது ஒரே வளமை. முடியைப் பின்னாமல் கலைத்துப் போட்டு ஊருக்குள் நடப்பது துக்கத்தின் அடையாளமாகவோ நடத்தைப் பிசகாகவோ கொள்ளப்பட்டது. காடாகக் கிடப்பதைத் திருத்தி வயலாக்குவதுபோல முடியையும் வகிடெடுத்துப் பின்ன வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. தன் தலையைத் தானே இப்படிப் பின்னிக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது. வேறொருத்தியின் மடியில் தலையைக் கொடுத்து மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த மணிக்கணக்கில் பேச்சு நடக்கும், சண்டை தீரும், செய்தி கைமாறும். முகமூடியின் உச்சியில் இருக்கும் ஒவ்வொரு சடையும் இன்னொரு பெண்ணின் விரல்கள் அங்கே இருந்தன என்று காட்டுகிறது.

உச்சியில் பறவை, பாம்பு, பானை, தொப்பி எல்லாம் இருக்கின்றனவே. ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டா?

அகராதிபோல ஒன்றுக்கு ஒன்று பொருள் எழுதி வைக்க முடியாது. எந்த ஊர், எந்தச் சிற்பி, எந்தச் சோவெய் கேட்டாள் என்பதைப் பொறுத்து மாறும். இருந்தாலும் அடிக்கடி வருகிறவற்றைச் சொல்லலாம்.

பறவை மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிறது, முன்னறிந்து எச்சரிக்கிறது. பாம்பு நீரோடும் பதுங்கிக் காக்கும் ஆற்றலோடும் சேர்ந்தது. ஆமையும் மீனும் சோவோவின் நீர்வீட்டிலிருந்து கூடவே வந்தவை. மூன்று கால் சமையல் பானை ஒன்று தலையுச்சியில் உட்கார்ந்திருக்கும் முகமூடிகளும் உண்டு. உலை வைப்பவள் கையில்தான் ஊரின் உயிர் இருக்கிறது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

சிறு சதுரப் பொட்டலங்கள் தொங்கினால் அவை லாசிமோ எனப்படும் தாயத்துகள். அரபு எழுத்தில் குர்ஆன் வசனம் எழுதித் தோலில் வைத்துத் தைப்பது அப்பகுதியின் நீண்டகால வழக்கம். இஸ்லாம் வந்தபோது சாண்டே அதை எதிர்த்து நிற்காமல் அதன் ஆற்றலையும் தன் தலையில் சூடிக்கொண்டது. ஐரோப்பியர் வந்த பிறகு மகுடங்களும் உயரமான தொப்பிகளும் சேர்ந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படி உயரத் தொப்பி அணிந்த ஒரு சோவெய் இருக்கிறது. 2013இல் அந்த ஒரு முகமூடியை மட்டும் மையமாக வைத்து அங்கே தனிக் காட்சியே நடந்தது. அதிகாரி தலையில் வைத்திருந்த அதிகாரத்தைக் கழற்றித் தங்கள் தலைவியின் தலையில் வைத்துக்கொண்டார்கள் அந்தப் பெண்கள்.

சில முகமூடிகளில் தாடி இருக்கிறதே. பெண் முகத்தில் தாடி ஏன்?

எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உண்டு. தாடி மூத்தவரின் அறிவுக்கு அடையாளம். முதிர்ந்த தலைவிக்கு ஆண் மூப்பருக்கு இணையான சொல் இருக்கிறது என்று அது காட்டுகிறது.

செதுக்குவது யார்? பெண்களா?

ஆண்கள்தான். முகமூடி வேண்டும் என்று கேட்பவள் சோவெய், செய்துகொடுப்பவர் ஆண் சிற்பி. ஒரே மரத்துண்டைக் குடைந்து, தலையை முழுவதும் மூடும் அளவுக்கு உள்ளே இடம் விட்டு வெளியே செதுக்குகிறார். கனம் கூடினால் ஆட முடியாது என்பதால் இலகுவான மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சோவோ கனவில் வந்து தன் உருவத்தைக் காட்டுவாள் என்பது நம்பிக்கை. அந்தக் கனவு சங்கத்துப் பெண்ணுக்கு வரலாம், சிற்பிக்கும் வரலாம். முடிந்த முகமூடிக்கு ஒரு பெயர் உண்டு. அதுவும் கனவில் கிடைத்ததாகவே சொல்வார்கள். பெண்கள் அதைத் தங்கள் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சடங்குகள் செய்த பிறகே அது சோவோவாகிறது. அந்த நொடியிலிருந்து செதுக்கியவருக்கே அதைத் தொட உரிமை இல்லை.

சிற்பியின் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அழகு இன்னதென்று தீர்மானித்தவர்களும், பிடிக்காவிட்டால் ஏற்க மறுத்தவர்களும் பெண்கள். ஆண் கை செதுக்கியது என்பதாலேயே ‘ஆண் பார்வையில் பெண்’ என்று இதை ஒதுக்குவது அவசரம்.

ஆடும்போது எப்படி இருக்கும்?

புகைப்படங்களில் தலையை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். முகமூடியின் அடிவிளிம்பிலிருந்து கறுப்புச் சாயமேற்றிய ரஃபியா நார் கொத்துக்கொத்தாக இறங்கி உடலை மூடுகிறது. கைகளின் நுனியும் பாதங்களும்கூடத் துணியால் மறைக்கப்பட்டிருக்கும். தோல் ஓர் அங்குலம்கூடத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் ஆவி போய் ஆள் வந்துவிடும்.

அவள் பேசுவதில்லை. கையில் சிறு கிளை ஒன்று இருக்கும். கூட வரும் பெண்கள் பாடுகிறார்கள். சுரைக்குடுக்கையைச் சுற்றி மணிகள் கோத்த வலை போர்த்திய கிலுக்கைக் குலுக்கித் தாளம் கொடுக்கிறார்கள். நார்க்கொத்து ஒரு கணம் பின்தங்கி, பிறகு உடலை எட்டிப் பிடிக்கிறது. கறுப்புத் தண்ணீர் ததும்புவதுபோல இருக்கும். களைத்தாலோ, உடை நெகிழ்ந்தாலோ, தோழிகள் பாய் விரித்து மறைத்துச் சரிசெய்வார்கள். உள்ளே இருப்பது யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம், ஆனாலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

கூடவே கோமாளி மாதிரி ஒன்று வருமாமே?

அதன் பெயர் கோண்டே. விரிசல் விட்ட, கழித்துப்போட்ட பழைய முகமூடியில் தாறுமாறாக வண்ணம் அப்பி, கந்தலும் குப்பையும் கட்டிக்கொண்டு வரும். சோவோ அளந்து அடி வைத்தால் இது ஓடும், விழும், எல்லோரிடமும் காசு கேட்டுக் கை நீட்டும். ஊரே சிரிக்கும்.

சோவோவின் அழகு யாராலும் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. காட்டிலிருந்து வந்த எல்லாப் பெண்ணும் அப்படி ஆகிவிட மாட்டாள். கழுத்தில் மடிப்பு விழாதவளும், வாயை மூடத் தெரியாதவளும், அழகில்லாதவளும் சங்கத்தில்தான் இருக்கிறார்கள். கோண்டே அவர்களுக்கும் ஆட்டக்களத்தில் இடம் பிடித்துக் கொடுக்கிறது. அதற்காகவே எனக்குக் கோண்டேயை மிகவும் பிடிக்கும்.

முகமூடி பெண் ஆவிதான் என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்தா?

இல்லை. இதுவரை எழுதியது பெரும்பாலும் மெண்டே மக்களின் விளக்கம். லைபீரியாவில் கோலா மக்களிடம் இதே வடிவ முகமூடியைக் காட்டிக் கேட்டால், அது நீரில் வாழும் ஆண் ஆவி, சாண்டே பெண்களுக்குக் கணவன் முறை என்பார்கள். வை மக்களிடமும் அந்த வழக்கு உண்டு. அணிந்து ஆடுவது அங்கும் பெண்தான். ஒரே மரமுகம் ஆற்றைக் கடந்ததும் ஆணாகிவிடுகிறது. ஆகவே ‘ஆப்பிரிக்கச் சின்னங்களின் பொருள்’ என்று பட்டியல் போட்டு விற்கும் எதையும் நம்பிவிடாதீர்கள். யார் சொன்ன பொருள், எந்த ஊரில் என்று கேளுங்கள்.

ஆண்கள் இந்தச் சங்கத்துக்கு உண்மையிலேயே அஞ்சினார்களா?

ஆண்களுக்குப் போரோ என்று தனிச் சங்கம் இருக்கிறது. ஆனாலும் பெண்கள் குளிக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பவன், சாண்டே வேலிக்குள் நுழைபவன் முதலியோர் பெண்கள் சங்கத்தின் சட்டத்துக்குத் தப்ப முடியாது. சோவோ வந்து நின்று கிளையை நீட்டினால் அவன் தண்டம் கட்டியாக வேண்டும்.

அரசியலிலும் இந்த வலிமை செல்லுபடியானது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் செனெஹுன் ஊரிலிருந்து க்பா மெண்டே நாட்டை ஆண்ட மேடம் யோகோ, தன் சாண்டே காட்டில் பயிற்சி பெற்ற பெண்களைப் பல குடும்பங்களுக்கு மணம் முடித்துக் கொடுத்து உறவுகளை வளர்த்தார். எங்கள் பெண் மேடம் யோகோவிடம் தீட்சை பெற்றவள் என்று சொல்வது பெருமையாக இருந்தது. அவர் 1906இல் இறந்தார். இன்றும் தேர்தல் நெருங்கினால் அரசியல்வாதிகள் போண்டோ சடங்குகளுக்குப் பணம் கொடுத்துப் பெண்களின் வாக்கைத் திரட்டப் பார்ப்பது சியரா லியோனில் எல்லோரும் அறிந்த செய்தி.

தீட்சையில் பெண் உறுப்புச் சிதைப்பு நடக்கிறதே. அதை விட்டுவிட்டு அழகைப் பற்றிப் பேசலாமா?

விடக் கூடாது. காட்டுக்குள் சிறுமிகளின் பிறப்புறுப்பின் ஒரு பகுதியை வெட்டுகிறார்கள். அதைச் செய்பவள் சோவெய், அதே தகுதிப் பெயர் கொண்டவள். இரத்தப்போக்கு, தொற்று, பேறுகாலச் சிக்கல், சில வேளை மரணம் என்று விளைவுகள் தெரிந்தவை. சியரா லியோனில் 2019இல் நடந்த தேசிய மக்கள்தொகை நல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 83 விழுக்காட்டினர் இதற்கு உள்ளானவர்கள். 2013இல் இது 90 விழுக்காடு.

சட்டம் தயங்கித் தயங்கியே வந்திருக்கிறது. சியரா லியோனின் 2007 குழந்தைகள் உரிமைச் சட்டத்தின் வரைவில் இதற்குத் தடை இருந்தது. நிறைவேறும்போது அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. லைபீரியாவில் 2018 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி எல்லன் ஜான்சன் சர்லீஃப் பதவி விலகும் தறுவாயில் ஓராண்டுத் தடையாணை பிறப்பித்தார். 2014இல் எபோலா பரவியபோது தீட்சைகள் நிறுத்தி வைக்கப்பட்டன; நிறுத்த முடியும் என்பதையாவது அது காட்டியது.

என் நிலையைத் தெளிவாகவே சொல்கிறேன். அந்த வெட்டு நிற்க வேண்டும். சங்கம் நிற்க வேண்டியதில்லை. இதை வெளியிலிருந்து சொல்லும் நானல்ல, அங்கேயே பிறந்து, தீட்சை பெற்று, தாயாகிய பெண்கள்தான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சியரா லியோனில் ‘இரத்தமில்லாத போண்டோ’ என்ற பெயரில் பாடல், ஆடல், கல்வி, புதுப்பெயர், வெண்மண் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கத்தியை மட்டும் வெளியே நிறுத்தும் சடங்குகள் நடக்கின்றன. வெட்டுவதே வருமானமாக இருந்த சோவெய்களுக்கு மாற்றுப் பிழைப்பும் மரியாதையும் கிடைக்காமல் இது நிலைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முகமூடியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். நீர், கூந்தல், பறவை, பானை, தாயத்து, மகுடம் எல்லாம் அந்தத் தலையில் இருக்கின்றன. கத்தி இல்லை. கத்தி இல்லாத சாண்டே ஒன்றைக் கேட்கும் பெண்கள் புதிதாக எந்தச் சின்னத்தையும் தேட வேண்டியதில்லை. அதே வேளை, மூடிய வாய் காக்கும் மறைபொருளுக்குள் சிறுமிகளின் வலியும் அடங்கியிருக்கிறது என்பதை எந்த விளக்கத்தாலும் நான் மறைக்க மாட்டேன்.

ஒரு சோவெய் முகமூடியை வாங்கி வீட்டில் மாட்டலாமா?

சுற்றுலாப் பயணிகளுக்காகவே செதுக்கி விற்கும் புது முகமூடிகள் நிறைய உண்டு. அவற்றை வாங்குவதால் சிற்பிக்கு நாலு காசு கிடைக்கும், தவறில்லை. ஆடிய முகமூடி வேறு. 1991 முதல் 2002 வரை சியரா லியோனில் நடந்த உள்நாட்டுப் போரில் ஊர்கள் எரிந்து, மக்கள் சிதறி, பொருள்கள் கைமாறின. அந்தக் காலத்தில் வெளியே வந்ததாகச் சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது.

அருங்காட்சியகத்தில் பார்க்க நேர்ந்தால் எதைக் கவனிப்பது?

நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய்க் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நான் முதன்முதலாக ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தபோது முன்னால் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அடிவிளிம்பு கண்ணில் பட்டது.

கழுத்தின் கடைசி வளையத்துக்குக் கீழே, விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ரஃபியா நாரைக் கட்டிய துளைகள் அவை. உண்மையில் ஆடிய முகமூடி என்றால் கயிறு இழுத்து இழுத்துத் துளையின் ஓரம் தேய்ந்து ஒரு பக்கம் நீண்டிருக்கும். விற்பனைக்குச் செய்தது என்றால் துளைகள் துரப்பணம் போட்ட அன்றுபோலவே வட்டமாக இருக்கும், அல்லது துளையே இருக்காது. பிறகு, விளக்கு அனுமதித்தால், உட்புறத்தைப் பாருங்கள். வெளிப்புறத்துக்கு மெருகு கொடுத்தது எண்ணெய். உள்ளே, நெற்றிக்கு நேரான இடத்தில் மட்டும், மரம் கரடுமுரடு நீங்கி வழவழப்பாகியிருக்கும். ஒரு பெண்ணின் வியர்த்த நெற்றி பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அது.